பாலே பார்த்த ஆறு பேர்

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
13 மார்ச் 2000

பேர்லேண்ட் தொண்டுத் தம்பதி மயில்சாமி, வசந்தாமணி இருவருக்கும்,

அருட்சுடர்ச் சபையின் அமெரிக்கப் பொறுப்பாளராக இதை எழுதுகிறேன். தம்பிக்கு அக்காவாகவோ, தம்பி மனைவிக்கு நங்கையாவாகவோ எழுதவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

டெக்சாஸில் தொண்டு செய்யும் நம் மூன்று தம்பதிகளும் இம்மாதம் 4ஆம் தேதி மாலை ஹூஸ்டன் நகரத்து அரங்கு ஒன்றுக்குப் போய், பாலே என்னும் வெள்ளைக்கார நடனத்தைப் பார்த்தீர்கள் என்று தெரிய வந்திருக்கிறது. சபையின் மஞ்சள்கரை வெள்ளைச் சேலையோடும் வெள்ளை வேட்டியோடும் போயிருக்கிறீர்கள். அது போதாதென்று, மேடையில் நடனக்காரி இறந்ததுபோல் விழுந்தபோது ஆறு பேரும் எழுந்து நின்று நம் விடைப்பாட்டைப் பாடியிருக்கிறீர்கள். உயிர் பிரிந்த இடத்தில் மட்டும் பாட வேண்டிய பாட்டு அது. அதைக் கூத்து மேடைக்குப் பாடியவர்கள் சபையின் வரலாற்றில் நீங்கள் மட்டும்தான்.

பணி ஓய்வு பெற்ற தம்பதிகளைத் தேர்ந்தெடுத்து, பொள்ளாச்சியில் வைத்துப் பயிற்சி கொடுத்து, ஒன்றரை வருடம் இந்த நாட்டுக்கு அனுப்புகிறோம். பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கவும், துக்க வீடுகளில் துணை நிற்கவும் அனுப்புகிறோம். கேளிக்கைக்கு அனுப்பவில்லை. தொண்டுக் காலத்தில் சினிமா, நாடகம், நடனம் கூடாது என்ற விதி உங்களுக்குத் தெரியாதது அல்ல.

மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இருவரும் கையெழுத்துப் போட்டு சித்திரைப் பௌர்ணமிக்குள் அனுப்ப வேண்டும். மற்ற இரண்டு தம்பதிகளுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து வராவிட்டால் உங்களைத் தொண்டிலிருந்து இறக்கி ஊருக்குத் திருப்பும்படி பொள்ளாச்சிக்கு எழுத வேண்டியிருக்கும். அப்போது பொள்ளாச்சியில் இருக்கும் தொண்டர் பெயர்ப்பலகையிலிருந்து மயில்சாமியின் பெயரும் எடுக்கப்படும்.

சபை விஷயங்கள் எழுத்தில்தான் நடக்க வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இங்ஙனம்,
விசாலாட்சி குமாரசாமி


பேர்லேண்ட்
20 மார்ச் 2000

நங்கையாவுக்கு வசந்தாமணி எழுதிக்கொண்டது.

அக்காவாக எழுதவில்லை, பொறுப்பாளராக எழுதுகிறேன் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவருக்கு அப்படி இரண்டு ஆளாகப் பிரிய முடியும்போல. நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு முடியாது. எனக்கு இருப்பது ஒரே கை. அதில்தான் சோறும் ஆக்குகிறேன், கடிதமும் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். "அக்கா சொல்லிட்டா செஞ்சுட்டுப் போவோம், வசந்தா. இதுல என்ன இருக்குது?" என்று காலையிலிருந்து வீடெல்லாம் தேடுகிறார். மூக்குக்கண்ணாடியைத்தான் தேடுகிறார். அது என் மடியில் இருக்கிறது. இந்தக் கடிதம் தபால் பெட்டியில் விழுகிறவரை அவருக்குக் கிடைக்காது.

போன் செய்யாதே என்றதும் நல்லதுதான். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முடிகிறவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அன்றைக்கு இந்த ஊர் மீனாட்சி கோயிலில் மூன்று தம்பதியும் கூடுகிற கூட்டுப் பிரார்த்தனை. மத்தியானமே முடிந்துவிட்டது. நம்மிடம் படிக்கிற வெண்பாவின் அம்மா வான்மதி, ஆபீசில் கொடுத்தார்கள் என்று கை நிறைய டிக்கெட்டோடு வந்தாள். "ஆன்ட்டி, எப்பப் பார்த்தாலும் கிளாஸ், பூஜை, சாவு வீடுன்னே இருக்கீங்க. ஒரு நாள் லீவ் எடுத்தா சாமி என்ன கோச்சுக்கவா போகுது? நான் டிரைவ் பண்றேன், வாங்க" என்றாள். கிட்டுசாமி அண்ணன் மட்டும் "விதி இருக்குதுங்களே" என்று இழுத்தார். வேனில் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவர்தான்.

கார் நிறுத்துகிற கட்டடத்தில், வேனுக்குள்ளேயே புளிச்சோறு சாப்பிட்டோம். வெளிச்சாப்பாடு தொடவில்லை. உள்ளே போனால் கோயில் மண்டபம் மாதிரி உயரம். சுந்தரராமன் வீட்டு ஷ்யாமளா என் கையை விடவே இல்லை. "ஐயோ, இங்க பாருங்கக்கா, கால் விரல் நுனியில நிக்கறா! நாம மாடிப்படி ஏறவே முட்டி வலிக்குதுங்கறோம்!" என்றாள். ஆட வந்த ஆண்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு கிட்டுசாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "ஏனுங்க, இவ்வளவு பெரிய ஊருல அந்தப் பசங்களுக்கு ஆளுக்கொரு வேட்டி எடுத்துக் குடுக்க யாருமில்லீங்களா?" என்று கேட்டதும் முன்வரிசை வெள்ளைக்காரி திரும்பி முறைத்தாள். நான் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன். சபைச் சேலைதான். பல் தடம் இருக்கிறதா என்று வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன், பாருங்கள்.

கதை புரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் புரிந்தது. சண்டைக்குப் போன புருஷனைத் தேடி ஒருத்தி பனியில் கிளம்புகிறாள். ஊரே கதவைச் சாத்துகிறது. அவள் சுற்றிச் சுற்றி ஆடி, ஆட ஆடத் தளர்ந்து, கடைசியில் விழுகிறாள். மேளதாளம் எல்லாம் சட்டென்று நின்றுபோனது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை. உங்கள் தம்பி எழுந்து நின்றார். பாட ஆரம்பித்துவிட்டார். அவர் நின்றால் நானும் நிற்பேன். நாங்கள் நின்றதும் மற்ற நாலு பேரும் நின்றார்கள்.

யோசிக்க வேண்டாமா என்பீர்கள். பொள்ளாச்சிப் பயிற்சியில் மேசையைத் தட்டித் தட்டி நீங்கள் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? "உயிர் போறதைக் கண்ணால பார்த்தா யோசிச்சுட்டு நிக்காதீங்க. யாரையும் கேக்காதீங்க. எந்திரிச்சுப் பாடுங்க." நாங்கள் யோசிக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. எழுந்து பாடினோம். நீங்கள் சொல்லிக்கொடுத்தது அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவர் நீங்கள்.

பிப்ரவரியில் ப்ரீவேயில் அடிபட்டுச் செத்தானே ஒரு பையன், அவனுக்கு இறுதிச் சடங்குக் கூடத்தில் உங்கள் தம்பி தனியாக நின்று பாடினார். அவனைப் பெற்றவர்களுக்கு விசா கிடைத்து வந்து சேர வழியில்லை. அதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பெண் விழுந்ததும் அவருக்கு மேடையாகவா தெரிந்திருக்கும்?

விளக்கு போட்டதும் அந்தப் பெண் எழுந்து வந்து கும்பிடு போட்டாள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் அண்ணாந்து பார்த்து, தனியாக இன்னொரு தடவை குனிந்தாள். உங்களிடம் கோள் சொன்னவர் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். ஷ்யாமளாவாகத்தான் இருக்க வேண்டும். நல்லதை விட்டுவிட்டுச் சொல்வது அவளுக்குப் பழக்கம்.

ஐஸ்கிரீமும் தின்றோம். அது உங்கள் கடிதத்தில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிஸ்தா.

கடைசியாக ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, தை மாதம். எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு நாள். தாராபுரம் சந்தைப்பேட்டையில் நாடகக் கொட்டகை போட்டிருந்தார்கள். உங்கள் தம்பி எனக்குத் தெரியாமல் இரண்டு டிக்கெட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நீங்கள் எடுத்துவிட்டீர்கள். "புதுப்பொண்ணு வாசல் தாண்டக் கூடாது அம்மிணி" என்று சொல்லி, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அந்த டிக்கெட்டில் போனீர்கள். நான் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள், "நாடகம் எப்படிங்க நங்கையா?" என்று கேட்டேன். "உனக்கெல்லாம் புரியாது" என்றீர்கள்.

பாலே புரிந்தது, நங்கையா.

கையெழுத்துப் போட மாட்டேன்.

வசந்தாமணி


வெஸ்ட் வின்ட்சர்
27 மார்ச் 2000

வசந்தாமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்டது கையெழுத்து. வந்தது கதை.

சுந்தரராமன் தம்பதியும் கிட்டுசாமி தம்பதியும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஷ்யாமளா வருத்தப்பட்டு நாலு வரி தனியாகவும் எழுதியிருக்கிறாள். அவள்மீது நீ வீணாகப் பழி போட வேண்டாம். அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்குத் தொலைபேசியில் சொன்னது மயில்சாமி. தவறு செய்தவன் தானே வந்து ஒப்புக்கொண்டான். அவனுக்கு இருக்கும் மனசாட்சி உனக்கு இல்லாதது எனக்கு ஆச்சரியமில்லை.

பயிற்சியில் நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறாய். உயிர் போவதைப் பார்த்தால் என்று சொன்னேன். உயிர் போவதுபோல் நடிப்பதைப் பார்த்தால் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வந்திருக்கிறது. அடுத்த பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.

தாராபுரத்து நாடகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அப்போது நான் சபையில் இல்லை. முப்பத்தொன்பது வருடமாக அந்த இரண்டு டிக்கெட்டை நெஞ்சில் முடிந்துவைத்திருக்கிறவள், தினமும் விளக்கேற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

என் நிலைமையையும் யோசித்துப் பார். இறக்கும்படி எழுதினால், சொந்தத் தம்பியை இறக்கினாள் என்பார்கள். எழுதாவிட்டால், சொந்தத் தம்பி என்பதால் விட்டாள் என்பார்கள். மற்ற நாலு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு உங்களை மட்டும் நான் எப்படி விடுவேன்? ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவனுடைய கண்ணாடியை அவனிடம் கொடு.

சித்திரைப் பௌர்ணமி நெருங்குகிறது.

விசாலாட்சி


பேர்லேண்ட்
3 ஏப்ரல் 2000

நங்கையாவுக்கு,

கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தை அவருக்கு நானே படித்துக் காட்டினேன். "தவறு செய்தவன் தானே வந்து ஒப்புக்கொண்டான்" என்ற வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் என்ன பேசிக்கொண்டோம் என்பதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு எழுத்து கோணல்தான், ஞாபகம் கோணல் இல்லை.

"நான் ஒப்புக்கிட்டனா?" என்றார்.

"நீங்கதான போன் பண்ணுனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன்.

"ஆமா, பண்ணுனேன். அந்தப் பொண்ணு எந்திரிச்சு நம்மளப் பாத்துக் கும்புட்டுச்சே, அதைச் சொல்லலாம்னு பண்ணுனேன். சின்ன வயசுல ஒரு பொன்வண்டு புடிச்சாக்கூட அக்காகிட்டத்தான் கொண்டுபோய்க் காட்டுவேன். அப்படித்தான் இதையும் சொன்னேன். நேத்து ஒண்ணு பாத்தேனுங்க்கா, கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க்கான்னு."

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?"

"எந்தத் தேதி, எந்த எடம், யார் யாருன்னு கேட்டுச்சு. ஆசையாக் கேக்குதுன்னு நெனச்சேன்."

வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். பேர்லேண்டில் வெளியே உட்கார்ந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வரிசையாக ஒரே மாதிரி வீடு, வரிசையாகக் கார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நங்கையா, நான் உங்கள்மீது வைத்திருக்கிற கோபங்களுக்கு ஒரு பெட்டகமே வேண்டும். என் முதல் தீபாவளிச் சேலையை உங்கள் நாத்தனார் மகளுக்குக் கொடுத்தீர்கள், அது உள்ளே இருக்கிறது. எனக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கதவுவரை வந்து, குழந்தை முகத்தைப் பார்க்காமலே திரும்பினீர்கள், அதுவும் இருக்கிறது. அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். அது என் பாடு. ஆனால் இதை அந்தப் பெட்டகத்தில் போட முடியவில்லை. அறுபத்தாறு வயசு மனுஷன், சந்தோஷப்பட்டதை அக்காவிடம் சொல்ல ஓடி வந்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். இனி அவர் உங்களிடம் எதையாவது கொண்டுவந்து காட்டுவாரா?

உள்ளே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீங்கள் அனுப்பிய மன்னிப்புத் தாளை எடுத்தார். சரி, போடப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாக மடித்தார். எங்கள் சாப்பாட்டு மேசை ஒரு கால் குட்டை, இத்தனை நாள் ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கு அடியில் வைத்துவிட்டார். இப்போது ஆடவில்லை. நல்ல தடித்த தாள்.

நீங்கள் பொள்ளாச்சிக்கு எழுதுங்கள். இறக்கினால் இறங்குகிறோம். சபைச் சேலைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருக்கிறேன், அனுப்ப வேண்டிய விலாசம் மட்டும் சொல்லுங்கள். ஆனால் விசா முடிகிறவரை எங்களை யாரும் விமானத்தில் தூக்கிப் போட முடியாது என்று சபரி சொல்கிறான். அவன் வீட்டுக் கராஜில்தான் வெள்ளிக்கிழமை கிளாஸ் நடக்கிறது. "நீங்க எந்தச் சேலை கட்டிட்டு வந்தாலும் கிளாஸ் உண்டு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டான். பிள்ளைகள் தேவாரம் படிக்க வருகிறார்கள், என் சேலைக் கரையைப் பார்க்க வரவில்லை.

கீழே உங்கள் தம்பி ஏதோ எழுத வேண்டும் என்கிறார்.

வசந்தாமணி

அக்கா, நான் பாத்தது நல்லா இருந்துச்சு. அதை மாத்திச் சொல்ல வரலை. உடம்பைப் பாத்துக்குங்க. மயில்சாமி.


வெஸ்ட் வின்ட்சர்
12 ஏப்ரல் 2000

வசந்தாமணி,

இது சபைத் தாள் இல்லை, கவனித்திருப்பாய். கடையில் வாங்கிய தாள்.

பொன்வண்டு எனக்கும் நினைவிருக்கிறது. தீப்பெட்டியில் வைத்து, கருவேல இலை போட்டு வளர்த்தான். நான்தான் இலை பறித்துக் கொடுத்தேன். இதை அவனிடம் சொல்.

நீ எழுதியதில் பல இடங்களில் உனக்குத் திமிர். உன் மகளைப் பார்க்காமல் திரும்பியது அந்தக் கதவில் என் மாமியார் உள்ளே போகாதே என்று நின்றிருந்ததால். அதை இப்போது உனக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நீ இனி அந்த இரண்டு டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

நான் அதை முழுதாகப் பார்க்கவில்லை.

பண்ணையார் கொலையாகிவிடுகிறார். அவர் மருமகள் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். ஒரு பக்கம் அவள் புருஷன், மறுபக்கம் கூடப் பிறந்த தம்பி. "யாரைப் பார்த்தாய், காட்டு" என்கிறார் நீதிபதி. அவள் கையைத் தூக்குகிறாள். அந்த நேரம் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "கூத்தாடிப் பொம்பளை கோர்ட்டுல கை நீட்டறாளாம், அதை ஆன்னு பாத்துட்டு உக்காந்திருக்கிறவ. எந்திரிடி" என்றார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் கை மேலேதான் இருந்தது.

மறுநாள் நீ வந்து நாடகம் எப்படி என்று கேட்டாய். புதுப்பெண்ணிடம் போய், பாதியில் இழுத்து வந்தார் என்று சொல்லச் சொல்கிறாயா? உனக்குப் புரியாது என்றேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. பார்த்துவிட்டு வந்தவள் அல்லவா நான்?

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது நினைத்துக்கொள்கிறேன், அந்தக் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று.

இதற்கும் சபைக்கும் சம்பந்தம் இல்லை. விதி விதிதான். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மேசைக் காலுக்கு வேறு எதையாவது வை.

விசாலாட்சி


பேர்லேண்ட்
17 ஏப்ரல் 2000

நங்கையாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பிக்கு முழுதும் படித்துக் காட்டவில்லை. பொன்வண்டு வரையில் படித்தேன். "கருவேல இலை இல்ல, கொருக்காப்புளி இலை" என்றார். சிரித்தார். இத்தனை நாளில் இப்போதுதான் சிரித்தார். மீதியை நான் எனக்குள் படித்துக்கொண்டேன். அது நம் இருவருக்கு.

என் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனீர்கள், உங்களை அவர் பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்தார். கேட்டதும் எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் வேறு மாதிரி ஆனது. சோறு ஆக்கும்போது நினைத்துக்கொண்டேன், அந்தக் கை மேலே நிற்கிறதே, நங்கையா எப்படி இத்தனை வருடம் தாங்கினார் என்று.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? எனக்கு அந்த நாடகத்தின் முடிவு தெரியும்.

எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்கா மூன்று தடவை போய்ப் பார்த்தாள். கிணற்றடியில் எனக்கு முழுதும் நடித்துக் காட்டினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதியாகவும் அவளே, மருமகளாகவும் அவளே. கை தூக்கினாள், திருப்பினாள், காட்டினாள். அதற்குப் பிறகு ஒரு காட்சி வேறு இருக்கிறது. அதைப் பார்க்காதவர்களுக்கு நாடகம் பார்த்த கணக்கே இல்லை. நான் ஈரச்சேலையோடு வாயைத் திறந்துகொண்டு நின்றேன். இருபதடி தள்ளி, உங்கள் வீட்டுக்குள் நீங்கள் இருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். கேட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போதும் எழுதிச் சொல்ல மாட்டேன். அது கையில் காட்ட வேண்டியது.

வான்மதி மறுபடி டிக்கெட் வாங்கப் போகிறாள், இந்தத் தடவை ஆபீஸ் டிக்கெட் இல்லை, நாங்களே சொல்லி வாங்கச் சொன்னது. மே கடைசிச் சனிக்கிழமை. அதே கம்பெனி, வேறு கதை. ஷ்யாமளா மன்னிப்பு எழுதிய கையோடு தனக்கும் ஒன்று வேண்டும் என்று போன் பண்ணினாள். கிட்டுசாமி அண்ணன் வேட்டி விஷயத்தில் இனி வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். உங்களுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில்.

முடிவு தெரிய வேண்டுமானால் பேர்லேண்ட் வர வேண்டும்.

நாளை சித்திரைப் பௌர்ணமி. கையெழுத்து வரவில்லை என்று பொள்ளாச்சிக்கு எழுதிவிடுங்கள். எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சவில்லை. அந்தத் தாள் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது, அங்கேதான் இருக்கும்.

வசந்தாமணி


வெஸ்ட் வின்ட்சர்
8 மே 2000

பேர்லேண்ட் தொண்டுத் தம்பதிக்கு,

டெக்சாஸ் கிளைகளை நான் இதுவரை நேரில் வந்து பார்வையிடவில்லை. மே 26 வெள்ளிக்கிழமை ஹூஸ்டன் வந்து, 29ஆம் தேதி திரும்புகிறேன். வெள்ளிக்கிழமை கிளாஸில் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளைகளைத் தயாராக வை.

உங்களை இறக்கும் கடிதத்தை எழுதிவிட்டேன். பொள்ளாச்சிக்கு இன்னும் அனுப்பவில்லை. என் கைப்பையில் இருக்கிறது. உங்கள் கையெழுத்தை நேரில் வாங்கத்தான் வருகிறேன். வேறு காரணம் எதையும் யாரும் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

கருவேல இலைதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மாலை நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் நான் தனியாக இருக்க வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. அரங்கில் குளிரூட்டி அதிகமாக இருக்குமா?

விசாலாட்சி


பேர்லேண்ட்
15 மே 2000

நங்கையாவுக்கு,

வாருங்கள். விமான நிலையத்துக்கு உங்கள் தம்பி வருவார், வான்மதி டிரைவ் பண்ணுவாள். கொருக்காப்புளியா கருவேலமா என்று அங்கேயே ஆரம்பித்துவிடாதீர்கள், அவளுக்கு வேலைக்கு நேரமாகும்.

கையெழுத்துக் கிடைக்காது. உங்கள் பையில் இருக்கிற தாளைக் கிழிக்கச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். அதை நீங்கள் அனுப்புவீர்களோ, வைத்திருப்பீர்களோ, அது உங்கள் பாடு. எங்கள் வீட்டில் ஒரு நாற்காலிக்கும் கால் ஆடுகிறது.

குளிரும். சால்வை கொண்டுவாருங்கள். அதுவும் வெள்ளையாக இருந்தால் நல்லது, ஏழு பேரும் ஒரே மாதிரி இருப்போம். முன்வரிசைக்காரி முறைப்பாள், முறைக்கட்டும். யாராவது விழுந்து செத்தால் உங்கள் தம்பி எழுந்திருப்பார். அப்போது நீங்கள் நிற்பதா உட்கார்வதா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். உயிர் போவதுபோல் நடித்தால் என்ன விதி என்று பயிற்சியில் சேர்ப்பதாகச் சொன்னீர்களே, சேர்த்தாயிற்றா?

ஆட்டம் முடிந்து, ஐஸ்கிரீம் வாங்கிய பிறகு, அந்தக் கை எந்தப் பக்கம் திரும்பியது என்று காட்டுகிறேன். அதற்கு முன்னால் கேட்காதீர்கள். பாப்பாத்தி அக்கா மாதிரி முழுதாக நடித்துத்தான் காட்டுவேன், தெருவில் யார் பார்த்தாலும் சரி.

ஏழரைக்கு ஆரம்பம். நடுவில் எழுந்து வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். எழுப்பி இழுத்துக்கொண்டு போகவும் இப்போது ஆள் இல்லை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் உங்கள் தம்பி. கடைசி வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

வசந்தாமணி